பெட் ஸ்கேன் டூட்டி, ஏழாவது வாரம், டிராயர்ல கிடக்கிற பேட்ஜ்

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதியிருக்காங்க. பேரு, ஆஸ்பத்திரி எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு கேட்டதால அடையாளம் காட்டுற விவரங்களை எடுத்துட்டேன். நீளமான லெட்டர், சாராம்சம் மட்டும் கீழ தர்றேன்.

வயசு 28. கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எட்டு மாசம் முன்னாடி வார்டுல இருந்து நியூக்ளியர் மெடிசினுக்கு (கதிரியக்க மருந்து குடுத்து ஸ்கேனும் சிகிச்சையும் பண்ற பிரிவு) மாத்திட்டாங்க. வேலை நாள்ல கீழ ஹாஸ்டல், லீவுக்கு மேல வீடு. காலையில பெட் (PET) ஸ்கேன் பேஷண்டுக்கு கேனுலா போட்டு எஃப்டிஜிங்கிற கதிரியக்க மருந்தை ஊசியா போடணும், பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், ஸ்கேன் டேபிள்ல படுக்க வைக்கணும். மத்தியானம் தைராய்டு பேஷண்டுக்கு கதிரியக்க அயோடின், சில நாள் கேப்சூல், சில நாள் திரவம். பெட் ஸ்கேன் பக்கம் லெட் ஏப்ரன் (ஈயத் தடுப்பு உடை) தரமாட்டேங்கிறாங்களாம், அதனால எக்ஸ்ரே ரூம்ல இருந்து ஒண்ணை வாங்கிப் போட்டுக்கறாங்க. டிஎல்டி பேட்ஜை (உடம்புல பட்ட கதிர்வீச்சை அளக்கற அட்டை) "டிராயர்லயே வெச்சிடு, ரீடிங் ஏறுச்சுன்னா விசாரணை வரும், உன்னைத் தூக்கிடுவாங்க, அலவன்ஸும் போயிடும்"னு சீனியர் சொல்ல, ஆறு மாசமா அது டிராயர்லதான் கிடக்கு. சிரிஞ்ச் ஷீல்டு (சிரிஞ்சை மூடற கதிர்த்தடுப்பு உறை) இருக்கு, நரம்பு தெரியலைன்னு யாரும் போடறதில்ல. இப்ப ஏழு வாரம் கர்ப்பம். வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. மார்ச்ல கான்ட்ராக்ட் முடியுது, சொன்னா புதுப்பிக்க மாட்டாங்களோன்னு பயம், அஞ்சு மாசம் வரைக்கும் மறைச்சிடலாமான்னு கேக்கறாங்க. நாத்தனார் கலைச்சிடுங்கிறாங்க, மாமியார் தட்டு டம்ளரைத் தனியா வெச்சிட்டாங்க, நாத்தனார் குழந்தையைத் தூக்க விடறதில்ல. வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரியில சேருங்கிறார். கூடவே முடி கொட்டுது. கடைசியில ஒரு விஷயத்தை சும்மா போற போக்குல எழுதியிருக்காங்க: போன மாசம் ஊருக்கு வர்ற பஸ்ல பாத்தா, அன்னிக்கு மத்தியானம் தன் கையால அயோடின் குடுத்த அம்மாவே பக்கத்து சீட்ல உக்காந்திருந்தாங்களாம்.

சரிம்மா. நான் ஆஸ்பத்திரியில கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியா, நீங்க ஆர்எஸ்ஓன்னு சொல்ற அந்த வேலையில இருந்தவன், இப்ப குன்னூர்ல இருக்கேன். அவசரமானதை முதல்ல சொல்லிடறேன். கலைக்கிற பேச்சுக்கு இதுல இடமே இல்ல. கருவுக்கு ஊனம் வர்ற அளவு டோஸுன்னா 100 மில்லிகிரேவுக்கு (உடம்பு வாங்கற கதிரோட அளவு) மேல போகணும், நீங்க எழுதியிருக்கிற வேலையில இத்தனை வாரத்துல அதுல நூத்துல ஒரு பங்கு சுமாருக்குத்தான் வந்திருக்கும், அதுவும் கூட்டியே சொல்றேன். ரெண்டாவது, நாளையில இருந்து அயோடின் பக்கம் போகாதீங்க, காரணம் கீழ வருது. மூணாவது, மறைக்கிற யோசனையை விட்டுடுங்க. உங்க லெட்டர்லயே பெரிய ஆபத்து அதுதான், ஏப்ரன் இல்ல.

ஏப்ரன் தராதது கஞ்சத்தனம் இல்ல

இதுல உங்க ஆஸ்பத்திரி சொல்றது சரிதான், ஆனா ஏன்னு யாரும் உக்கார வெச்சு விளக்கலை போல. எக்ஸ்ரே ரூம் ஏப்ரன்ல இருக்கிறது அரை மில்லிமீட்டர் ஈயம். எலும்பு ஸ்கேனுக்குப் போடற டெக்னீஷியத்தோட கதிருக்கு 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான் சக்தி, அதுல பாதிக்கு மேல இந்த ஏப்ரன் தடுத்துடும். எஃப்டிஜியில இருக்கிற ஃப்ளூரின்-18 விடற கதிர் 511. அதைப் பாதியா குறைக்கவே நாலு மில்லிமீட்டர் ஈயம் வேணும், அப்ப அரை மில்லிமீட்டர் என்ன பண்ணும், பத்துல ஒரு பங்கு கூடத் தடுக்காது. அயோடின்-131க்கும் (364) ஏறக்குறைய அதே கதைதான். அஞ்சு கிலோவைத் தோள்ல மாட்டிக்கிட்டு குனிய முடியாம, நிமிர முடியாம பேஷண்ட் பக்கத்துல ரெண்டு நிமிஷம் கூடுதலா நிக்கறீங்க பாருங்க, அந்த ரெண்டு நிமிஷத்துல ஏப்ரன் மிச்சம் பண்ணினதை விட ஜாஸ்தியாவே வாங்கிக்கறீங்க. எலும்பு ஸ்கேன் டூட்டின்னா கேட்டு வாங்கிப் போடுங்க, பெட் பக்கம் வேண்டாம்.

பெட் பக்கம் உங்களைக் காப்பாத்தறது தூரமும் வேகமும்தான். 10 மில்லிக்யூரி (மருந்தோட கதிரியக்க அளவு) எஃப்டிஜி ஏத்தின ஒருத்தர் பக்கத்துல ஒரு மீட்டர் தள்ளி நின்னா மணிக்கு சுமார் 30 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோ சேந்தா ஒரு மில்லிசீவர்ட், இந்தக் கதிருக்கு அது ஒரு மில்லிகிரேவுக்குச் சமம்). அரை மீட்டருக்குக் கிட்ட வந்தா நாலு மடங்கு ஏறி 120 ஆயிடும். அங்க ரெண்டு நிமிஷம் நின்னா 4 மைக்ரோசீவர்ட். அதே ரெண்டு நிமிஷம் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பேசினா கால் மைக்ரோசீவர்ட், அவ்வளவுதான். அதனால பேஷண்டுகிட்ட சொல்ல வேண்டிய எல்லாத்தையும், பாத்ரூம் எங்க, தண்ணி பாட்டில் எங்க, ஏன் பேசாம படுத்திருக்கணும், போர்வை வேணுமா, எல்லாம் ஊசிக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. ஊசி போட்டப்புறம் பேச்சு கதவு பக்கத்துல இருந்தோ இன்டர்காம்லயோதான். நடக்க முடியாதவங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறதுக்கு பதில் வீல்சேர்ல வெச்சு பின்னாடி இருந்து தள்ளுங்க, கை நீளத்துக்காவது தூரம் கிடைக்கும்.

சிரிஞ்ச் ஷீல்டு விஷயத்துல மட்டும் உங்க சீனியர்ஸ் மேல எனக்குக் கோவம் வருது. நரம்பு தெரியலைங்கிறது நேரா நரம்புல குத்தறவங்க சொல்ற சாக்கு, நீங்கதான் கேனுலா போடறீங்களே. முதல்ல கேனுலா, த்ரீவே (மருந்து தள்ளற மூணு வழி வால்வு) மாட்டி, சலைன் தள்ளிப் பாத்து நல்லா ஓடுதுன்னு உறுதி பண்ணிக்கிட்டா அப்புறம் மருந்து தள்ளும்போது நரம்பைப் பாக்க வேண்டிய வேலையே இல்ல, த்ரீவேயை மட்டும் பாத்தா போதும், ஷீல்டு இருந்தா என்ன இல்லாட்டி என்ன. ஷீல்டு இல்லாத சிரிஞ்ச விரலால ஒட்டிப் புடிச்சீங்கன்னா அந்த இடத்துல டோஸ் மைக்ரோ கணக்குல இல்ல, மில்லிசீவர்ட் கணக்குல ஏறும். கைக்கு வருஷ வரம்பு 500 மில்லிசீவர்ட்னு பெரிய நம்பரா தெரியும், தினம் எட்டு ஊசி ஷீல்டு இல்லாம போடற கைக்கு அது ரொம்ப தூரத்துல இல்ல. ரிங் பேட்ஜ் கேளுங்க. ஊசியைத் தாங்கிப் புடிக்கிற கையில, ஆள்காட்டி விரல் அடியில, உள்ளங்கை பக்கம் பாத்த மாதிரி போடணும். அப்பவும் விரல் நுனி வாங்கறது மோதிரம் காட்டுறதை விட சில மடங்கு ஜாஸ்தியாத்தான் இருக்கும். வேகம் வரணும்னா ஷீல்டு மாட்டின சிரிஞ்ச்ல வெறும் சலைனை வெச்சுப் பழகுங்க, சீக்கிரம் கை பழகிடும்.

டிராயர்ல இருக்கிற பேட்ஜ் யாரைக் காப்பாத்துது?

உங்களை இல்லம்மா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த கார்டு லேபுக்குப் போயி, வர்ற ரீடிங் உங்க பேர்ல, உங்க நம்பர்ல, பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட பதிவேட்டுல ஏறுது. நாளைக்கு நீங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நம்பர் கூடவே வரும். இப்ப அதுல ரெண்டு குவார்ட்டருக்கு பூஜ்யம்னு இருக்கும். பின்னாடி எப்பவாவது ஒரு பிரச்சனைன்னு நின்னா, "உங்களுக்குத்தான் ஒண்ணுமே வரலையே, ரெக்கார்டைப் பாருங்க"ன்னு சொல்லிடலாம், உங்ககிட்ட பதில் இருக்காது. ரீடிங் ஏறினா விசாரணை வரும்கிறது உண்மைதான், ஆனா அந்த விசாரணை ஏன் ஏறுச்சு, ஷீல்டு இருந்துச்சா, ஒரே ஆள் மேல எல்லா ஊசியும் விழுதான்னு கேக்கறதுக்கு, அதாவது கேள்வி டிபார்ட்மெண்டை நோக்கித்தான் போகும். அதனாலதான் சிலருக்கு அது பிடிக்கிறதில்ல.

கூடவே ஒண்ணு, வருத்தப்படாதீங்க. அணுசக்தி கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004 வேலை செய்யறவங்க மேலயும் பொறுப்பு வெச்சிருக்கு, குடுத்த பேட்ஜைப் போட்டுக்க வேண்டியது நம்ம கடமை. சீனியர் சொன்னாங்கன்னு நீங்க விட்டது அவங்க தப்பு மட்டும் இல்ல. நாளைக்கே எடுத்து நெஞ்சுல மாட்டுங்க, ஏப்ரன் போடற நாள்ல ஏப்ரனுக்கு உள்ள. போனது போகட்டும், அந்த ஆறு மாச டோஸைக் கணக்கு போட வழி இருக்கு: எந்தெந்த நாள் எத்தனை பேருக்கு எத்தனை மில்லிக்யூரி போட்டீங்கன்னு ரெஜிஸ்டர்ல இருக்கும், அதை வெச்சு ஆர்எஸ்ஓ தோராயமா கணிச்சு எழுத்துல தரலாம். கேட்டு வாங்குங்க.

குழந்தைக்கு வரம்பு வேற

நம்ம நாட்டுல ஏஈஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சு வேலையில இருக்கிறவங்களுக்கு வெச்சிருக்கிற வரம்பு அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐத் தாண்டக்கூடாது. உங்க வேலையில ஒழுங்கா நடந்தா இதைத் தொடறதே கஷ்டம். அதனாலதான் டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் "ஒண்ணும் ஆகாது"ன்னு அசால்ட்டா இருக்காங்க. ஆனா கர்ப்பம்னு தெரிவிச்ச நிமிஷத்துல இருந்து வயித்துல இருக்கிறது உங்க கணக்குல வராது, மீதி கர்ப்பகாலம் முழுசுக்கும் சேத்து கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான்.

மேல சொன்ன 4 மைக்ரோசீவர்ட்டையே எடுத்துக்குங்க. ஒரு நாளைக்கு எட்டு பேர், மாசம் 22 நாள்னா 700 மைக்ரோசீவர்ட். வயித்துத் தசை கொஞ்சம் தடுக்கும், குழந்தைக்குப் போறது அதைவிடக் குறைவுதான், இருந்தாலும் இதே மாதிரி ஓடினா ரெண்டு மாசத்துக்குள்ள அந்த ஒரு மில்லியை நெருங்கிடுவீங்க. அஞ்சு மாசம் மறைக்கறதுன்னா என்ன அர்த்தம்னு இப்ப புரியுதா. ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும், 1 மில்லிசீவர்ட்ங்கிறது ஆபத்துக் கோடு இல்ல. நாம யாரா இருந்தாலும் ஒன்பது மாசத்துல இயற்கையா மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் கருவுக்குப் போறதே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அது கவனமா இருக்கச் சொல்ற கோடு. தாண்டிட்டா குழந்தைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தாண்ட விடக்கூடாதுன்னு அர்த்தம்.

அயோடின் மட்டும் இந்தக் கணக்குல அடங்காது. எஃப்டிஜி வெளிய நின்னு அடிக்கிற கதிர், 110 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகிட்டே போகும், மறுநாள் தடமே இருக்காது. அயோடின்-131க்கு அரை ஆயுள் 8 நாள், திரவமா இருந்தா மூடியைத் திறக்கும்போது ஆவியா கிளம்பும், மூச்சுல உள்ள போனா நேரா தைராய்டுல போய் உக்காரும், தொப்புள்கொடி வழியா குழந்தைக்கும் போகும். பத்து, பன்னெண்டு வாரத்துல குழந்தையோட தைராய்டு அயோடினை இழுக்க ஆரம்பிச்சிடும். உங்களுக்கு இப்ப ஏழு. அதனாலதான் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" கிடையாதுன்னு சொல்றேன். இதுவரைக்கும் திரவத்தை ஃப்யூம் ஹுட் (ஆவியை உறிஞ்சி வெளியேத்தற கூண்டு) இல்லாம திறந்திருந்தீங்கன்னா கழுத்துல ப்ரோப் வெச்சு தைராய்டு கவுண்ட் எடுக்கச் சொல்லுங்க, சில நிமிஷ வேலை, அந்த மெஷின் உங்க டிபார்ட்மெண்ட்லயே இருக்கும். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை போடட்டுமான்னு கேட்டிருக்கீங்க, நீங்களா போடாதீங்க, அது உள்ள போற சமயத்தை ஒட்டிப் போட்டாத்தான் வேலை செய்யும், கர்ப்பத்துல சும்மா போட்டா குழந்தையோட தைராய்டையே கெடுக்கலாம். துளசி, வெல்லம் பத்தி வாட்ஸ்அப்ல வந்ததெல்லாம் கதிர்வீச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பிடிச்சா சாப்பிடுங்க.

நாலு வழி இருக்கு, என் யோசனை ரெண்டாவது

மறைக்கிறது முதல் வழி, அதைப் பத்திப் பேசியாச்சு. மூணாவது, வார்டுக்கே திரும்ப மாத்தச் சொல்றது, தப்பே இல்ல, ஆனா நைட் டூட்டியும் தூக்கி இறக்கற வேலையும் பெட் ஸ்கேனை விட உங்க உடம்புக்கு லேசா இருக்கும்னு நினைக்காதீங்க. நாலாவது உங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி ராஜினாமா. அவர் அக்கறையில சொல்றார், புரியுது, ஆனா இப்ப எழுதிக் குடுத்தீங்கன்னா கடைசி ஒரு வருஷத்துல 80 நாள் வேலை பாத்தவங்களுக்குக் கிடைக்கிற 26 வாரச் சம்பள லீவை நீங்களே தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது வழி, எழுத்துல தெரிவிச்சிட்டு, வேலையை மாத்தி வாங்கிக்கிட்டு அங்கயே இருக்கறது. 2004 விதியே சொல்லுது, கர்ப்பம்னு தெரிஞ்சதும் முதலாளிக்கும் ஆர்எஸ்ஓவுக்கும் தெரிவிக்கணும், வேலை நிலைமையை அதுக்கேத்த மாதிரி மாத்தத்தான். ஒரு பக்கம் போதும், ஹெச்ஓடி (டிபார்ட்மெண்ட் தலைவர்), ஆர்எஸ்ஓ, ஹெச்ஆர் மூணு பேருக்கும் மெயில், கூடவே கையில ஒரு காப்பி குடுத்து இன்னொண்ணுல சீல் வாங்கிக்குங்க. அதுல அயோடின் வேலையும் மருந்து சிந்தினா துடைக்கிற வேலையும் வேண்டாம்னு கேளுங்க. ஊசியும் பேஷண்டைத் தூக்கறதும் வேற ஆளுக்குப் போகணும். வயித்து மட்டத்துல மாட்டிக்க, அன்னன்னிக்கே நம்பர் காட்டுற எலக்ட்ரானிக் டோசிமீட்டர் ஒண்ணு வேணும், மூணு மாசம் கழிச்சு வர்ற ரீடிங் கர்ப்பத்துக்கு உதவாது. பேஷண்ட் ஹிஸ்டரி எடுக்கறது, அப்பாயின்ட்மெண்ட், ரிப்போர்ட், ஊசிக்கு முன்னாடி கேனுலா போட்டு வைக்கறது இதெல்லாம் நீங்க தாராளமா செய்யலாம், அதை நீங்களே எழுதிடுங்க, "வேலை பாக்க மாட்டேங்கறா"ன்னு பேச்சு வராது.

கான்ட்ராக்ட் விஷயத்துல பொய் நம்பிக்கை தரமாட்டேன். புதுப்பிக்கறது அவங்க கையிலதான் இருக்கு. ஆனா 2023ல ஒரு கான்ட்ராக்ட் டாக்டர் வழக்குல, கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சாலும் மகப்பேறு சலுகையை முழுசா குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அது அரசு ஆஸ்பத்திரி வழக்கு, உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்னு வக்கீல்தான் சொல்லணும். ஊட்டியிலயும் கோயமுத்தூர்லயும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு இலவசம், அந்த லெட்டர் காப்பியோட போங்க. மார்ச்சுக்கு முன்னாடி தேதி போட்ட லெட்டர் இருந்தாத்தான் "கர்ப்பத்துக்காகத்தான் நிறுத்தினாங்க"ன்னு சொல்ல முடியும். வாய்ல மட்டும் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குள்ள ஆர்எஸ்ஓவே கண்டுக்கலைன்னா ஏஈஆர்பிக்கு சென்னையில தெற்கு மண்டல அலுவலகம் இருக்கு, அதைக் கடைசியா வெச்சுக்குங்க. பெரும்பாலும் சீல் வாங்கின லெட்டர் போனதுமே எல்லாம் நடக்கும்.

மாமியாருக்கும், அந்த பஸ்சுக்கும்

மாமியார்கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: அடுப்புல குளிர் காயறது வேற, கையில கரி ஒட்டறது வேற. பேஷண்ட் பக்கத்துல நின்னு வாங்கற கதிர் குளிர் காயற மாதிரி, நகந்துட்டா முடிஞ்சுது, உங்ககிட்ட இருந்து குழந்தைக்கு எதுவும் போகாது, தட்டு டம்ளர்ல ஒண்ணும் இருக்காது. மாமியாருக்கு இன்னொண்ணும் சொல்லலாம், உயரம் ஏற ஏற வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர் கூடும், ஊட்டியில டாட்டா இன்ஸ்டிட்யூட் அதுக்குன்னே 2,200 மீட்டர் உயரத்துல ஒரு லேப் வெச்சிருக்கு, நாம எல்லாரும் மேட்டுப்பாளையத்துக்காரங்களை விடக் கொஞ்சம் ஜாஸ்தி வாங்கிட்டுதான் இங்க வாழறோம். ஆனா அவங்க பயத்துல ஒரு துளி நியாயம் இருக்கு, அது கரி பக்கம். அயோடின் திரவமோ பேஷண்ட் யூரினோ செருப்புலயோ டிரஸ்லயோ ஒட்டியிருந்தா அது வீடு வரைக்கும் வரும். கிளம்பும்போது கை, செருப்பு ரெண்டையும் கன்டாமினேஷன் மானிட்டர்ல காட்டிட்டு வாங்க, டூட்டி செருப்பும் யூனிஃபார்மும் அங்கயே இருக்கட்டும். கையில பட்டிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டு மெதுவா கழுவணும், பிரஷ் போட்டுத் தேச்சா தோல் கிழிஞ்சு உள்ள போயிடும்.

முடி கொட்டறது இதனால இல்ல. கதிர்வீச்சால முடி கொட்டணும்னா 3 கிரே மாதிரி வரணும், அது கேன்சர் சிகிச்சை அளவு. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) பாருங்க, கர்ப்பத்துக்கு எப்படியும் பாக்கத்தான் போறீங்க.

பஸ் விஷயத்தை நீங்க லேசா எழுதிட்டீங்க, எனக்கு லேசா படலை. 10 மில்லிக்யூரி அயோடின் சாப்பிட்டவங்ககிட்ட ஒரு மீட்டர்ல மணிக்கு சுமார் 20 மைக்ரோசீவர்ட் வரும், தோளோட தோள் ஒட்டி உக்காந்தா அதைப் போல சில மடங்கு, மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். அந்த ஒரு பயணத்துல வாங்கினது நீங்க ரெண்டு, மூணு நாள் டூட்டியில வாங்கறதுக்குச் சமமா இருக்கலாம். அடுத்த தடவை வணக்கம் வெச்சிட்டு நாலு சீட்டு பின்னாடி போயிடுங்க. அதைவிட முக்கியம், கொண்டை ஊசி வளைவுல பாதி பஸ் வாந்தி எடுக்கிற ரோடு அது, மருந்து குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்தா அத்தனை அயோடினும் பஸ் தரையில. மலைக்குப் போற பேஷண்டுன்னா அதுக்குத் தனி அட்வைஸ் வேணும்: காலையிலயே குடுத்துட்டு கீழயே ரெண்டு மூணு மணி நேரம் இருக்கச் சொல்லலாம், வாந்தி மாத்திரை எழுதச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாம், முடிஞ்சா தனி வண்டியில பின் சீட்ல ஓரமா உக்காந்து போகட்டும், குழந்தையையும் கர்ப்பிணியையும் பக்கத்துல வெச்சுக்க வேண்டாம். கோத்தகிரிக்காரங்களுக்கு இதை உங்களை விட நல்லா யார் சொல்வாங்க, உங்க ஹெச்ஓடிகிட்ட பேசி பேஷண்டுக்குக் குடுக்க ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு வெச்சிடுங்க, புது வேலைப் பட்டியல்ல இதையும் சேத்துக்கலாம்.

பிரசவம் முடிஞ்சு திரும்பப் போகும்போது ஒண்ணு பாக்கி இருக்கு. தாய்ப்பால் குடுக்கற வரைக்கும் திரவ அயோடின், மருந்து நிரப்பற ஹாட் லேப் வேலை ரெண்டும் வேண்டாம்னு மறுபடி எழுதிக் குடுக்கணும், உள்ள போன அயோடின் பால்லயும் வரும். எஃப்டிஜி பேஷண்டை ஸ்கேன் பண்றதுல பாலுக்கு ஒண்ணும் இல்ல, அதைத் தாராளமா பாக்கலாம்.